‘பெரியது முடிந்துவிட்டது’ என்று இனி எழுதாதீர்கள்: ஜப்பானுக்குத் தமிழர்களை அனுப்புவோருக்கும் அமர்த்துவோருக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டிலிருந்து ஜப்பானுக்கு ஆள் அனுப்பும் முகவர்களுக்கும், இங்கே அவர்களைப் பொறுப்பேற்கும் பதிவுபெற்ற ஆதரவு அமைப்புகளுக்கும், வேலை கொடுத்திருக்கும் நிறுவனங்களின் பணியாளர் துறையினருக்கும்,

2025 டிசம்பர் 8 இரவு 11.15 மணிக்கு வட ஜப்பானின் ஆவோமோரிக்குக் கிழக்கே கடலடியில் 7.5 அளவில் நிலநடுக்கம். ஹாச்சினோஹே நகரில் ஷிந்தோ, அதாவது காலடி ஆட்டத்தின் அளவு, 6 க்யோ (6இன் மேற்படி). சுனாமி எச்சரிக்கை வந்தது, கரையோர மக்கள் கொட்டும் குளிரில் மேடேறினார்கள். பின்னிரவில் ஜப்பான் வானிலை முகமை, ஹொக்கைதோ–சன்ரிகு என்ற வடகிழக்குக் கடற்பகுதிக்கென்று வைத்திருக்கும் ‘அடுத்து வரக்கூடிய நிலநடுக்கம் பற்றிய கவனத் தகவலை’ முதன்முறையாக வெளியிட்டது. அந்தக் கடற்பகுதியில் 7 அளவில் ஒன்று வந்தால், ஒரு வாரத்துக்குள் 8 அல்லது அதற்கு மேல் இன்னொன்று வரும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றில் ஒன்று. அதனால்தான் அந்தத் தகவல்.

அதே இரவில் உங்களில் சிலரிடமிருந்து பணியாளர்களின் வாட்ஸாப் குழுக்களுக்கு வந்த செய்தி இது: “பெரியது முடிந்துவிட்டது. இனி வருவதெல்லாம் பின்னதிர்வுதான். பயப்பட வேண்டாம். காலை ஷிப்ட் வழக்கம்போல்.”

யார் அனுப்பியது என்று இங்கே எழுதப்போவதில்லை. ஒரே ஓர் இடத்தில் நடந்திருந்தால் நேரில் பேசியிருப்போம். பல இடங்களில் நடந்ததால் பொதுவில் எழுதுகிறோம். நான்காம் நாள், டிசம்பர் 12 முற்பகலில், அதே கடலில் 7-ஐ நெருங்கும் அளவில் இன்னொன்று வந்து, சுனாமி கவன அறிவிப்பும் வந்தது. உங்கள் குழுக்களில் பழைய செய்தியை யாரும் திருத்தவில்லை.

அந்தச் செய்தி ஆறுதலுக்காக எழுதப்பட்டது என்பது புரிகிறது. ஆனால் ‘பெரியது முடிந்துவிட்டது’ என்று சொல்லும் தகுதி உலகில் எந்த நிலநடுக்க ஆய்வாளருக்கும் கிடையாது. ஜப்பான் இதைத் தெற்கே குமமோதோவில் கற்றது. 2016 ஏப்ரல் 14 இரவு 9.26க்கு அங்கே 6.5 அளவில் ஒன்று. மஷிகி ஊரில் ஷிந்தோ 7, அதாவது அளவுகோலின் உச்சி. இதுதான் பெரியது என்றே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். உடைந்ததைக் கூட்டிப் பெருக்கி வீட்டுக்குள் போய்ப் படுத்தவர்கள் உண்டு. 28 மணி நேரம் கழித்து, 16ஆம் தேதி அதிகாலை 1.25க்கு, 7.3 வந்தது. அதே மஷிகியில் மறுபடியும் ஷிந்தோ 7. நேரடியாக உயிரிழந்த 50 பேரில் பெரும்பாலோர் இரண்டாவதில் போனவர்கள். முதல் ஆட்டத்தில் இணைப்புகள் தளர்ந்த மரவீட்டுக்கு இரண்டாவது ஆட்டம் அதே பலத்தில் வர வேண்டும் என்றுகூட இல்லை. அதில் பாதி போதும்.

அதற்குப் பிறகு வானிலை முகமை தன் அறிவிப்புகளில் ‘பின்னதிர்வுக்குக் கவனம்’ என்று சொல்வதை விட்டுவிட்டது. ‘சுமார் ஒரு வாரத்துக்கு இதே அளவு ஆட்டம் மறுபடி வரலாம், முதல் இரண்டு மூன்று நாள் மிகுந்த கவனம்’ என்றே சொல்கிறது. ஜப்பானிய அரசு 2016இலேயே கைவிட்ட பேச்சை நீங்கள் தமிழில் தொடர்வது எப்படி? 2011 மார்ச் 9ஐயும் நினைத்துப் பாருங்கள். சன்ரிகு கடலில் 7.3 வந்தது, அரை மீட்டர் அளவில் சுனாமியும் வந்தது. இவ்வளவுதான் என்று தோன்றியது. இரண்டு நாள் கழித்து வந்தது 9.0.

கடமையைப் பற்றியும் பேசியாக வேண்டும், ஏனென்றால் இது உங்கள் கருணையைச் சார்ந்த விஷயம் அல்ல. ‘குறிப்பிட்ட திறன்’ என்ற வகை விசாவில் வருபவர்களுக்கு, அவர்கள் புரிந்துகொள்ளும் மொழியில், குறைந்தது 8 மணி நேர வாழ்க்கை வழிகாட்டல் கொடுக்க வேண்டும் என்பது விதி. அதில் பேரிடர்த் தற்காப்பும் ஒரு பாடம். அந்த 8 மணி நேரத்தில் நடப்பது என்ன? குப்பையை எந்தக் கிழமை எந்தப் பையில் போடுவது என்பதற்கு முழுதாக ஒரு மணி நேரம் போகிறது. பேரிடருக்கு ஆங்கிலத்திலோ ஹிந்தியிலோ இரண்டு மூன்று ஸ்லைடுகள். கடைசியில் ‘புரிந்தது’ என்று ஒரு கையெழுத்து. திண்டுக்கல்லிலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ முதியோர் பராமரிப்புக்கும் உணவுப் பதனிடலுக்கும் வரும் பிள்ளைக்கு ஹிந்தி ஸ்லைடு ‘புரிந்துகொள்ளும் மொழி’ ஆகாது. ஜப்பானிய மொழித் தேர்வில் N4 என்ற தொடக்கநிலை தேறியவர்தானே என்பீர்கள். N4 தேறியவருக்கு ஒலிபெருக்கியில் எதிரொலித்துக் கரகரக்கும் ஊராட்சி அறிவிப்பு புரியாது.

பொறியாளர் விசாவில் வருபவர்களுக்கு அந்த 8 மணி நேரமும் இல்லை. ஆனால் நிறுவனத்துக்கு வேறு சட்டங்கள் உண்டு. தொழிலாளர் ஒப்பந்தச் சட்டம் 5ஆம் பிரிவு பணியாளரின் உயிருக்கும் உடலுக்கும் பாதுகாப்புத் தர முதலாளியைக் கடமைப்படுத்துகிறது. தொழிலகப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 59ஆம் பிரிவின்படி வேலையில் சேர்க்கும்போது பாதுகாப்புக் கல்வி கொடுக்க வேண்டும். விபத்து நேரத்தில் என்ன செய்வது, எப்படி வெளியேறுவது என்பது அதன் பாடப்பட்டியலிலேயே இருக்கிறது. 2025 ஆகஸ்டில் இரு நாடுகளும் கையெழுத்திட்ட திட்டப்படி, ஐந்து ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து 50,000 திறன் பணியாளர்கள் இங்கே வர வேண்டும். அவர்களில் தமிழர்கள் எத்தனை பேர் வந்தாலும் இதே இரண்டு ஸ்லைடுதானா?

என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதை இனி எழுதுகிறோம். பயிற்சி நடத்தும்போது எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்துத் தொகுத்தது இது.

முதலில், ஆடும்போது. நம் ஊரில் நிலம் அசைந்தால் வாசலுக்கு ஓடு என்பதுதான் பழக்கம். ஜப்பானில் ஆடிக்கொண்டிருக்கும்போது வெளியே ஓடுவது ஆபத்து. ஓடுகளும் கண்ணாடியும் விழுவது வாசலில்தான். 2018 ஜூனில் ஒசாகா நிலநடுக்கத்தின்போது தகாத்சுகியில் பள்ளி மதில் சரிந்து ஒரு சிறுமி இறந்தாள். மேசைக்கடியில் போய் அதன் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மேசை இல்லையென்றால் அலமாரியும் கண்ணாடியும் இல்லாத மூலையில் தலையை மூடிக் குனிய வேண்டும். அடுப்பை அணைக்க ஓடக் கூடாது. ஷிந்தோ 5 அளவு ஆட்டத்தில் எரிவாயு மீட்டர் தானே அடைத்துக்கொள்ளும். கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியின் பக்கத்தில் நிற்பதுதான் அந்த நேரத்துப் பெரிய ஆபத்து. பொரியல், வடை என்று தினமும் எண்ணெய் காய்ச்சும் நம் சமையலறைக்கு இதை இரண்டு முறை சொல்ல வேண்டும். ஆட்டம் நின்ற உடனே கதவைத் திறந்து வையுங்கள். அடுத்த ஆட்டத்தில் நிலை கோணிக் கதவு சிக்கிக்கொள்ளும். லிஃப்ட் வேண்டாம்.

கைபேசி அலறும் முன்னறிவிப்பு, ஷிந்தோ 5 ஜாகு (5இன் கீழ்ப்படி) அல்லது அதற்கு மேல் எதிர்பார்க்கும்போது வரும். கிடைப்பது சில நொடிகள், அதிகம் போனால் சில பத்து நொடிகள். நிலநடுக்க மையத்துக்கு அருகே இருப்பவருக்கு ஆட்டம் முதலில், அலறல் பிறகு. இந்தியாவில் வாங்கிக்கொண்டு வரும் சில கைபேசிகளில் இந்த ஒலி வராமலே போகலாம். வந்த முதல் வாரத்திலேயே அவசர எச்சரிக்கை அமைப்பைத் திறந்து பார்த்து, ‘சேஃப்டி டிப்ஸ்’ செயலியையும் ஏற்றிக் கொடுங்கள். அதில் நேபாளி, வியட்நாம், பர்மிய மொழிகள் உண்டு; தமிழ் இல்லை. எந்த மொழியில் படிக்க வசதி என்று ஆளைக் கேட்டு வையுங்கள்.

அளவு 7.5 என்பது வேறு, ஷிந்தோ 6 என்பது வேறு என்பதையும் சொல்ல வேண்டும். முன்னது பூமிக்கடியில் வெளிப்பட்ட ஆற்றல், ஒரு நிலநடுக்கத்துக்கு ஒன்றே. பின்னது உன் காலடி எவ்வளவு ஆடியது என்பது. ஊருக்கு ஊர் மாறும். 0 முதல் 7 வரை. 5ஐயும் 6ஐயும் ஜாகு, க்யோ என்று இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள், ஆக மொத்தம் 10 படி.

இனி சுனாமி. இங்கேதான் நம்மவர்களின் தலையில் 2004 குறுக்கே நிற்கிறது. அன்று சுமத்ரா ஆடி இரண்டரை மணி நேரம் கழித்து நம் கரைக்கு அலை வந்தது. நாகப்பட்டினம், கடலூர் பிள்ளைகள் வீட்டில் கேட்டு வளர்ந்த கதை: கடல் உள்வாங்கும், அதைப் பார்த்தால் ஓடு. ஜப்பானில் இந்த இரண்டையுமே அழித்து எழுத வேண்டும். உள்வாங்காமலே முதல் அலை வரலாம். நேரமோ மணிக்கணக்கில் இல்லை. 2024 ஜனவரி 1 மாலை 4.10க்கு நோதோ தீபகற்பத்தில் 7.6. சுனாமி எச்சரிக்கை 4.12க்கே வந்துவிட்டது, பெருஞ்சுனாமி எச்சரிக்கை 4.22க்கு. ஆனால் சுசு நகரின் சில பகுதிகளுக்கு அலை ஒரு நிமிடத்துக்குள்ளேயே வந்திருக்கும் என்று பின்னாளில் ஆய்வுகள் காட்டின. அவ்வளவு வேகமான எச்சரிக்கை முறையும் அங்கே அலையை முந்தவில்லை.

ஆகவே விதி ஒன்றே: கடற்கரையோரம் இருக்கும்போது பலமாக ஆடினால், அல்லது மெதுவாகவே ஆனாலும் ஒரு நிமிடத்துக்கு மேல் நீண்டு ஆடினால், எச்சரிக்கைக்குக் காத்திராமல் மேட்டுக்குப் போக வேண்டும். அந்த ‘மெதுவாக’ என்பதைச் சும்மா சேர்க்கவில்லை. 1896 ஜூன் 15 சன்ரிகுவில் மெல்லிய ஆட்டம்தான். சுமார் 22,000 பேர் இறந்தார்கள்.

ஆட்டமே தெரியாமலும் வரும். 2025 ஜூலை 30 காலை ரஷ்யாவின் கம்சட்காவில் 8.8. ஜப்பானில் பலருக்கு ஒன்றும் தெரியவில்லை. 8.37க்குக் கவன அறிவிப்பு வந்து, 9.40க்கு எச்சரிக்கையாக உயர்ந்தது. 10 மணியை ஒட்டி முதல் அலைகள் வந்தன. சில பத்து சென்டிமீட்டர்தான். ‘அவ்வளவுதானா’ என்று பலர் இறங்கப் பார்த்த நேரம் அது. இவாதே மாகாணத்தின் குஜி துறைமுகத்தில் ஒரு மீட்டருக்கு மேற்பட்ட அலை பதிவானது பிற்பகலில். எல்லா அறிவிப்பும் முழுதாக நீங்க மறுநாள் மாலை ஆயிற்று. முதல் அலை பெரியது என்று எந்தக் கடலும் வாக்குக் கொடுத்ததில்லை. இந்த நாளில்தான் சில இடங்களில் ‘மதியத்துக்கு மேல் வேலைக்குத் திரும்புங்கள்’ என்று சொல்லியிருக்கிறார்கள். கரையோரக் கிடங்குக்கு!

எச்சரிக்கையின் மூன்று படிகளைத் தமிழில் அச்சடித்து விடுதிச் சுவரில் ஒட்டுங்கள். வரைபடத்தில் ஊதா என்றால் ‘ஓட்ஸுனாமி கேய்ஹோ’: 3 மீட்டருக்கு மேல். சிவப்பு என்றால் ‘ட்ஸுனாமி கேய்ஹோ’: 1 முதல் 3 மீட்டர். இரண்டிலும் உடனே மேட்டுக்கு. மஞ்சள் என்றால் ‘ட்ஸுனாமி சூயிஹோ’: 20 சென்டிமீட்டர் முதல் 1 மீட்டர். கடலை விட்டு, கரையை விட்டு வெளியேற வேண்டும். துறைமுகத்தில், மீன் இறங்குதளத்தில், வளர்ப்புப் படகில் வேலை செய்பவர் மஞ்சளிலும் நிற்கக் கூடாது. 20 சென்டிமீட்டர் கணுக்கால்தானே என்பார்கள். அது ஒரு முறை வந்து போகும் அலை இல்லை. பின்னால் கடலே தள்ளிக்கொண்டு நிமிடக் கணக்கில் ஓடும் நீர். முழங்காலைத் தொடுமுன்பே ஆளைச் சாய்த்துவிடும். முன்னறிவிப்பு எண்ணைக் கண்ணை மூடி நம்பவும் கூடாது. 2011இல் முதல் அறிவிப்பு இவாதே மாகாணத்துக்கு 3 மீட்டர், மியாகி மாகாணத்துக்கு 6 மீட்டர் என்றது. பிறகுதான் 10 மீட்டருக்கு மேல் என்று ஏற்றினார்கள். அதனால் 2013 முதல், மிகப் பெரிய நிலநடுக்கமென்றால் முதல் அறிவிப்பில் எண்ணே வராது; ‘கியோதாய்’, அதாவது மாபெரியது, என்ற சொல் வரும். அந்தச் சொல் காதில் விழுந்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஏற வேண்டும்.

எங்கே ஏறுவது என்பதில் நீங்களே குழப்புகிறீர்கள். உங்கள் கையேடுகள் ‘அருகிலுள்ள பள்ளி’ என்று எழுதுகின்றன. ‘ஹினான்ஜோ’ என்பது நாட்கணக்கில் தங்கும் முகாம். ‘ஹினான் பாஷோ’ என்பது உயிர் தப்பப் போகும் இடம். அதிலும் வெள்ளத்துக்கு ஒன்று, தீக்கு ஒன்று, சுனாமிக்கு ஒன்று என்று தனித்தனியாகக் குறித்திருப்பார்கள். கடலோரப் பள்ளி முன்னதாக இருந்து பின்னதாக இல்லாமல் போகலாம். 2011இல் கமாய்ஷியின் உனோசுமாயில் ஊர்ப் பேரிடர் மையத்துக்குள் ஓடியவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது சுனாமிக்கான இடமாகக் குறிக்கப்படவில்லை. ஆனால் ஒத்திகைக்கு அங்கேதான் கூடிப் பழகியிருந்தார்கள். கால் பழகிய இடத்துக்கே போகும். அதே உனோசுமாயில் பள்ளிப் பிள்ளைகள் யாருக்கும் காத்திராமல், முதலில் போய் நின்ற இடமும் போதாது என்று மேலும் மேலும் ஏறிப் பிழைத்தார்கள்.

2011 சுனாமியில் மியாகியின் கடலோர ஊரான ஒனகாவாவில் நடந்த இரண்டு நிகழ்வுகளை உங்கள் மேலாளர்கள் எல்லாரும் தெரிந்திருக்க வேண்டும். கடலுணவு நிறுவனம் ஒன்றின் நிர்வாகி சதோ மித்சுரு, தன்னிடம் பயிற்சிக்கு வந்திருந்த 20 சீனப் பெண்களைக் கோயில் இருந்த மேட்டுக்கு ஏற்றிவிட்டுத் தன் குடும்பத்தைத் தேடித் திரும்பிப் போனார். அந்த 20 பேரும் பிழைத்தார்கள், அவர் போய்விட்டார். அதே ஊரில் ஒரு வங்கிக் கிளையில், மேலாளர் சொன்னபடி 13 பேர் இரண்டு மாடிக் கட்டடத்தின் கூரைக்கு ஏறினார்கள். சில நிமிட நடையில் குன்று இருந்தது. கடல் கூரையைத் தாண்டியது. 12 பேர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு ஊர் தெரியாது, மொழி தெரியாது. மேலாளர் எங்கே கை காட்டுகிறாரோ அங்கே போவார். அந்தக் கை எங்கே நீள வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து வைப்பது உங்கள் வேலை.

தலை எண்ணுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல நிறுவனங்களின் நடைமுறை: எல்லாரும் வாசலில் கூடு, பெயர் கூப்பிடு, பிறகு கிளம்பு. தீ விபத்துக்கு அது சரி. சுனாமிக்கு அது கொலை. 2011இல் இஷினோமாகியின் ஒகாவா தொடக்கப் பள்ளியில் 50 நிமிடம்போல மைதானத்திலேயே நிறுத்தி வைத்தார்கள். 74 பிள்ளைகளும் 10 ஆசிரியர்களும் போனார்கள். பக்கத்திலேயே மலை. நம் பிள்ளைகளோ ஒரே அறையில் தங்கி ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடுபவர்கள். “டேய், மணி இன்னும் பாத்ரூம்லேர்ந்து வரலடா” என்று நிற்பார்கள். அது நல்ல குணம்தான். ஆனால் மேட்டில் சந்திப்போம் என்று முன்பே பேசி வைத்திருந்தால் மணியும் நேரே அங்கே வருவான். எண்ணிக்கை மேலே போய் எடுங்கள்.

தூரத்தை மீட்டரில் சொல்லாமல் நிமிடத்தில் சொல்லுங்கள். கூட்டத்தோடு நடந்தால் நிமிடத்துக்கு 60 மீட்டர் என்று திட்டமிடுவது வழக்கம். தூக்கத்திலிருந்து எழுந்து உடுத்திக் கிளம்ப 5 நிமிடம். விடுதியிலிருந்து மேடு 600 மீட்டர் என்றால் 15 நிமிடம். அந்த ஊருக்கு அலை 12 நிமிடத்தில் வரும் என்று நகராட்சியின் அபாய வரைபடம் சொன்னால், விடுதி இருக்கும் இடமே தவறு. கணக்கு அவ்வளவு எளிது. ஆனால் இதைப் போட்டுப் பார்த்த விடுதிப் பொறுப்பாளரைக் காண்பது அரிது. காரில் போகலாம் என்ற நினைப்பும் வேண்டாம். ஒரு சிக்னல் அணைந்தால் தெரு முழுக்க நின்றுவிடும்.

பருவத்தைக் கணக்கில் எடுங்கள். வடகிழக்குக் கடலடியில் இருக்கும் ஜப்பான் அகழியில் பெரிய நிலநடுக்கம் குளிர்கால நள்ளிரவில் வந்தால் 1,99,000 பேர்வரை இறக்கக்கூடும் என்பது அரசின் மதிப்பீடு. அலையில் தப்பி மேட்டில் நிற்பவர்களிலும் உடல் குளிர்ந்து ஆபத்துக்கு ஆளாகக்கூடியவர்கள் 42,000 பேர். உடனே கிளம்பினால் அலையில் போகும் உயிர்களில் பெரும்பகுதியைத் தடுக்கலாம் என்றும் அதே மதிப்பீடு சொல்கிறது. மதுரையிலிருந்து வந்து முதல் குளிரைப் பார்ப்பவர் டி-ஷர்ட்டோடு படுத்திருப்பார். கனமான ஜாக்கெட், காலுறை, டார்ச், கெட்டியான அடிப்பாகமுள்ள காலணி எல்லாம் படுக்கைக்குக் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். கோடையில் நேர்மாறு: கம்சட்கா அலைக்காக மேட்டில் காத்திருந்த அந்த நாளில்தான் ஹ்யோகோ மாகாணத்தின் தம்பாவில் 41.2 டிகிரி பதிவானது. தண்ணீரும் தொப்பியும் இல்லாமல் நிழலற்ற குன்றில் எட்டு மணி நேரம் நிற்க முடியாது.

திரும்பி வந்த பிறகு செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். வீட்டை விட்டுப் போகும்போது நேரம் இருந்தால் மின் பிரேக்கரை இறக்க வேண்டும். மின்சாரம் திரும்பும்போது விழுந்து கிடக்கும் ஹீட்டரும் நசுங்கிய வயரும் பற்றிக்கொள்ளும். 2011 நிலநடுக்கத்தில் காரணம் தெரிந்த தீவிபத்துகளில் பாதிக்கு மேல் மின்சாரத்தால் வந்தவை. எரிவாயு மீட்டரை மீட்க: வாடை இல்லை என்று உறுதி செய்து, எல்லா அடுப்புகளையும் மூடி, மீட்டர் பொத்தானை அழுத்தி, சிவப்பு விளக்கு சிமிட்டும் 3 நிமிடம் எதையும் தொடாமல் இருக்க வேண்டும். வாடை வந்தால் ஸ்விட்சைக்கூடத் தொடாமல் வெளியே வந்து அழைக்க வேண்டும். அடுக்குமாடியில் கழிவுக்குழாய் சரியாக இருக்கிறது என்று தெரியும்வரை கழிப்பறையில் தண்ணீர் ஊற்றக் கூடாது, கீழ்வீட்டில் பொங்கும். கழிவைக் கெட்டியாக்கும் கழிப்பறைப் பைகள் ஒருவருக்கு ஒரு வாரத்துக்கு 35. தண்ணீர் நாளுக்கு 3 லிட்டர்.

சாப்பாடு சின்ன விஷயம்போலத் தெரியும். முகாமில் கிடைக்கும் பொட்டலச் சோற்றில் மீன் சாறு இருக்கும், பன்றிக் கொழுப்பும் இருக்கலாம். சைவர் பட்டினி கிடப்பார், அல்லது ‘சாப்பாடு எடுத்து வருகிறேன்’ என்று எச்சரிக்கை நீங்குமுன் விடுதிக்கு இறங்குவார். இரண்டாவதுதான் எங்களுக்குக் கவலை. ஒன்றும் கலக்காத வெள்ளை ஆல்ஃபா சோறு (வேகவைத்து உலர்த்திய சோறு) கடையில் கிடைக்கிறது: வெந்நீரில் 15 நிமிடம், பச்சைத் தண்ணீரில் 60 நிமிடம். கூடவே ஊரிலிருந்து வந்த பருப்புப் பொடி ஒரு பாக்கெட். பையில் இருந்துவிட்டால் யாரும் கீழே இறங்க மாட்டார்கள்.

ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கும் ஒரு வழி வேண்டும். செய்தியில் ‘ஜப்பானில் சுனாமி’ என்று ஓடியதும் இருபது அழைப்பு வரும். எடுக்க நின்றவர் ஏறுவதை நிறுத்துவார். பேரிடர் நேரத்தில் செய்தி விட்டுவைப்பதற்கான 171 என்ற எண்ணில் 1ஐ அழுத்திக் குரல் பதியலாம், 2ஐ அழுத்திக் கேட்கலாம். வெளிநாட்டிலிருந்து அந்த எண்ணை அழைக்க முடியாது, ஆனால் அதன் இணைய வடிவமான வெப்171ஐ ஊரிலிருந்தே திறந்து, பிள்ளையின் ஜப்பான் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். மாதத்தின் 1, 15 தேதிகளில் இதைச் சோதித்துப் பார்க்க அனுமதிக்கிறார்கள். விமானம் ஏறுமுன் பெற்றோருக்கு இதைக் காட்டிக் கொடுக்க அரை மணி நேரம் போதும்.

இனி எங்கள் கோரிக்கைகள்.

முகவர்களிடம்: புறப்படும் முன் நீங்கள் நடத்தும் பயிற்சியில் முழுதாக 3 மணி நேரம், தமிழில், இதற்கு மட்டும் ஒதுக்குங்கள். நிகேதே (தப்பி ஓடு), தகதாய் (மேடு), ஹினான் (தப்பிச் செல்லல்), ட்ஸுனாமி, கியோதாய், கைஜோ (அறிவிப்பு நீக்கம்), தெய்தென் (மின்தடை), தன்சுய் (தண்ணீர்த் தடை), க்யூசுய் (தண்ணீர் வழங்கல்), தகிதாஷி (சமைத்த உணவு வழங்கல்) ஆகிய சொற்களைக் காதால் கேட்டுக் காலால் பதில் சொல்லப் பழக்குங்கள். நடுக்கத்துக்குப் பிறகு ஊர் ஒலிபெருக்கியிலும் தொலைக்காட்சியிலும் வரும் சொற்கள் அவைதான். ஆளை ஒப்படைக்கும் ஊரின் அபாய வரைபடத்தை ஒப்பந்தத்தோடு இணைத்துக் கொடுங்கள்.

ஆதரவு அமைப்புகளிடம்: 8 மணி நேர வழிகாட்டலின் பேரிடர்ப் பகுதிக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளரை வையுங்கள். அதை அறைக்குள் முடிக்காதீர்கள். விடுதி வாசலிலிருந்து மேடுவரை நடத்திக் கூட்டிப் போய், ஆன நிமிடத்தை எழுதி, ஒரு முறை பகலிலும் ஒரு முறை இரவிலும் செய்யுங்கள். கையெழுத்துத் தாளில் அந்த இரண்டு நிமிடக் கணக்கும் இருக்கட்டும்.

நிறுவனங்களிடம்: 1981 ஜூனுக்கு முந்தைய தரத்தில் கட்டிய கட்டடங்களில் பணியாளர்களைத் தங்க வைக்காதீர்கள், இருப்பவர்களை இந்த நிதியாண்டுக்குள் மாற்றுங்கள். அலமாரிகளைச் சுவரோடு பூட்டுங்கள், வீட்டுக்காரர் அனுமதியை நீங்களே வாங்குங்கள். ஊதாவோ சிவப்போ வந்தால் யாரையும் கேட்காமல் வேலையை விட்டுப் போகலாம் என்றும், அந்த நேரத்துக்குச் சம்பளம் பிடிக்கப்படாது என்றும், அது மதிப்பீட்டில் குறையாக ஏறாது என்றும் எழுத்தில் கொடுங்கள். அறிவிப்பு முழுதாக நீங்கும்வரை கரையோரப் பணியிடத்துக்கு யாரையும் திரும்ப அழைக்காதீர்கள். அடுத்த நிலநடுக்கம் பற்றிய கவனத் தகவல் நடப்பில் இருக்கும் 7 நாளும், உடுத்த உடையோடு பையைத் தலைமாட்டில் வைத்து உறங்கச் சொல்லுங்கள். அந்த நாட்களில் கரையோர இரவு ஷிப்டுக்கு மாற்று ஏற்பாடு செய்யுங்கள்.

எல்லாரிடமும்: நிலநடுக்கத்துக்குப் பிறகு பணியாளர் குழுக்களில் நீங்கள் அனுப்பும் முதல் செய்தி, வானிலை முகமையின் அறிவிப்பையும் ஏற வேண்டிய இடத்தின் பெயரையும் மட்டும் தாங்கி வரட்டும். அதற்கான வரைவைத் தமிழில் நாங்கள் இலவசமாகவே எழுதித் தருகிறோம். உங்கள் ஊர்ப் பெயரையும் மேட்டின் பெயரையும் நிரப்பினால் போதும். 2026 மார்ச் 11க்குள் இவற்றில் எதைச் செய்தீர்கள், எதைச் செய்யவில்லை என்று உங்கள் பணியாளர்களுக்குத் தமிழில் எழுத்தில் தெரிவியுங்கள்.

ஜப்பானில் தமிழில் பேரிடர்ப் பயிற்சி நடத்தும் தன்னார்வலர்கள்